நீலப் பட்டைப் புட்டிகள்

எலியின் பிடரித் தோலைக் கூட்டிப் பிடித்துத் துண்டில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, ரயீசா மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. மூன்று எண்ணும்வரை விடக்கூடாது, விட்டால் தலையை உதறி மருந்தை இவள் மூக்குக்கண்ணாடியில் தெளித்துவிடும். பிறகு மற்றக் கண், பிறகு கூண்டு, பிறகு அடுத்த எலி. காலையில் அறுபது, சாயங்காலம் அதே அறுபது. பதினாலு வருஷப் பழக்கத்தில் விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. செய்யாமல் போயிருந்தால் அவள் குட்டு என்றைக்கோ வெளிப்பட்டிருக்கும்.

சொட்டு எங்கே விழுகிறது என்பதே அவளுக்குத் தெரிவதில்லை. நேராகப் பார்த்தால் எலியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. ஓரக்கண்ணால் பார்த்தால் மீசை தெரியும், காது தெரியும். எலியின் எண், காதோரத்தில் வெட்டிய வடுக்களில் இருந்தது. அதை அவள் விரலால் தடவியே படித்தாள்.

என்ன நோய் என்று அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லத் தேவையில்லை. சைபீரியாவின் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்ததே சீக்கிரம் கிழடு தட்டும் எலிகளைத்தான். "மனுசனுக்கு அறுபது வயசுல வர்றது இதுங்களுக்கு மூணாம் மாசமே வந்துடும். விழித்திரை நடுவுல கெட்டுப்போகும்" என்று ஆராய்ச்சியாளன் க்ளேப், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். ரயீசாவுக்கு அறுபத்தொன்று. பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், ஐந்தாம் மாடி வீட்டின் சன்னல் சட்டம் நடுவில் வளைந்து தெரிந்தது. எலி வளர்த்தவளுக்கு எலிக்கண் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, காஷாக் கஞ்சியைக் கிண்டி இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வேலையிடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் கோடையில்தான் புட்டிகள் வந்தன. வெளிச்சம் படாமலிருக்க வெள்ளிக் காகிதம் சுற்றிய சின்னப் புட்டிகள். பாதிக்கு நீலப் பட்டை, பாதிக்கு மஞ்சள். ஒன்றில் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் சொட்டு. கண்ணுக்குள் துருப் பிடிப்பதைத் தடுக்கிற மருந்து என்பான் க்ளேப். மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்பது துறைத் தலைவரின் பெட்டகத்தில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. க்ளேபுக்கே தெரியாது.

ரயீசாவுக்கு இரண்டாம் மாதமே தெரிந்துபோயிற்று. தீனி போடக் கையை நீட்டினால், நீலக் கூண்டு எலிகள் கை வந்து சேர்வதற்கு முன்பே அதன் பக்கம் தலையைத் திருப்பின. மஞ்சள் கூண்டுகளிலோ தீனி மூக்கில் இடித்த பிறகுதான் ஓர் அசைவு. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கூண்டு கழுவுகிறவளிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

திறந்த புட்டி ஒரு வாரத்துக்குத்தான். வெள்ளிக்கிழமை மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நீலப் பட்டை மிச்சங்களை ஒரே புட்டியில் சேர்த்து, அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எலிகளின் பங்கில் ஒரு சொட்டுக்கூட அவள் தொடவில்லை. சாக்கடையின் பங்கைத்தான் எடுத்தாள். எலிகளுக்குப் போட்ட கையோடு, காலையும் மாலையும், கழிப்பறையில் அண்ணாந்து நின்று தனக்கும் போட்டுக்கொண்டாள்.

ஏழு வாரத்தில் சன்னல் சட்டம் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. மருந்தில் நிமிர்ந்ததா, ஆசையில் நிமிர்ந்ததா என்று சொல்ல அவளிடம் கருவி இல்லை. எலிகளுக்கு மாதாமாதம் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். அவளுக்கு மருத்துவமனையில் கிடைத்த நாள் அடுத்த மே மாதம்.

நவம்பரில் வருடாந்தர உடல் தகுதிச் சோதனை வந்தது. ரயீசா அதற்குப் பயப்படவில்லை. அந்த நாட்டில் வேலை செய்து வயிறு வளர்த்த எவருக்கும் கண் டாக்டரின் எழுத்துப் பலகை தலைகீழ்ப் பாடம். பஸ் ஓட்டுகிறவர்கள், பளுதூக்கி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தேறி வருகிறார்கள். ரயீசாவும் கடைசி வரிசைவரை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டரின் குச்சி மேலே போவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"ஷ, ப," என்றாள் உரக்க. "ம, ந, க."

டாக்டர் புதுசு, சின்னப் பெண்.

"அம்மா, நான் எழுத்தக் காட்டல. பக்கத்துப் பலகையில வளையத்தக் காட்டிட்டிருக்கேன். வளையம் எந்தப் பக்கம் திறந்திருக்கு, அதச் சொல்லுங்க."

வாசலில் வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் எழுதினாள். இதற்கு மருந்து ஒன்றும் கிடையாது, கீரையும் ப்ளூபெரி என்கிற நீலப் பழமும் சாப்பிடுங்கள் என்றாள். தாள் அவளுக்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் க்ளேப் கூப்பிட்டு உட்காரவைத்தான். நல்ல பையன்தான், தேநீர்கூட அவனே ஊற்றிக் கொடுத்தான். பார்வை இல்லாதவர் ஊசியும் மருந்தும் இருக்கிற இடத்தில் இருக்கக்கூடாதாம். 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தச் சோதனை முடியும்வரை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம்.

"முன்னாடியே ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா வச்சிருப்பீங்களா?"

அவன் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினான்.

"எழுதித் தரேன் தம்பி. என் விருப்பந்தானே, தாராளமா எழுதித் தரேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நீலப் புட்டி." மறைக்க இனி என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள், அங்கிப் பையையும் கழிப்பறையையும் சன்னல் சட்டத்தையும்.

அவன் முகம் போன போக்கு அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

"இது வெளிய தெரிஞ்சா நான் காலி, அத்தை. மனுசங்களுக்குப் போட இன்னும் அனுமதியே வாங்கல. உங்க கண்ணு போச்சுன்னா உள்ள போறது நான்."

"போறதுக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நீலந்தான் மருந்துன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கூண்டுகிட்ட சும்மா கையைக் கொண்டு போய்ப் பாருங்க. நீலத்துல தலை திரும்பும். மஞ்சள்ல திரும்பாது."

காகிதத்தில் பேனா கீறுவது கேட்டது. தனக்கு மருந்து தருவதற்குத்தான் ஏதோ எழுதுகிறான் என்று நினைத்து, ரயீசா தேநீரைக் குடித்து முடித்தாள். எவ்வளவு பேதை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மிச்சத்தைக் கொட்டுகிறபோது, க்ளேபே வந்து பக்கத்தில் நின்றான். பையில் இருந்த புட்டியும் பத்தே நாளில் காலியாயிற்று.

டிசம்பரில் உறையைப் பிரித்தார்கள். மருந்து நீலம்தான். அன்று காலையிலேயே அறுபது எலிகளையும் கொன்று, கண்களைத் தோண்டிப் பனிக்கட்டியில் வைத்துத் தலைநகருக்கு அனுப்பியாயிற்று. குணமாக்கிய கண்கள் எவ்வளவு குணமாகியிருக்கின்றன என்று அறுத்துத்தான் பார்க்க முடியுமாம். கூண்டுகளைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது ரயீசாதான். நீலக் கூண்டுகளில், கடைசித் தடவையாக அவள் கையைப் பார்த்துத் தலைகள் திரும்பின.

அன்று மதியம் துறைக் கூட்டத்தில் க்ளேப் படம் போட்டு விளக்கினான். கையை நீட்டி எலியின் பார்வையைச் சோதிக்கும் எளிய முறை ஒன்றைத் தான் கவனித்துக் கண்டுபிடித்ததைச் சொன்னபோது, துறைத் தலைவரே கைதட்டினார். பின்வரிசையில் நின்ற ரயீசாவுக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் குளிர்பெட்டியில் இன்னும் திறக்காத புட்டிகள் நாற்பது இருந்தன, எல்லாம் நீலம். சோதனை முடிந்ததும் மிச்சத்தை இரண்டு பேர் முன்னிலையில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

"ஒண்ணு மட்டும் தம்பி," என்றாள் ரயீசா. "கேப்பாரில்லாம கொட்டப்போறதுதானே."

"ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கு அத்தை." அவன் குரல் உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கவிழ்த்தாள். பழக்கதோஷத்தில் விரல் ஒவ்வொரு புட்டியையும் சொட்டுச் சொட்டாகவே அழுத்தியது. க்ளேப் அவசரப்படுத்தவில்லை. நாற்பதாவதும் காலியானதும் குழாயைத் திறந்துவிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

ரயீசா பேனாவோடு தாளுக்கு மேல் குனிந்தாள். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கறைதான் இருந்தது. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"எங்க போடணும்?"

க்ளேப் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, எலியைப் பிடிக்கிற பக்குவத்தோடு நகர்த்திக் கொண்டுபோய்க் கோட்டின் மேல் வைத்தான்.

"இங்க, அத்தை."