பிள்ளை மடுவத்துத் தண்ணீர்

ஊற்றுத் தண்ணீரைப் பற்றி யாராவது குறை சொன்னால் மதுஷாவுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பகல் முழுதும் பதினொரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். விடியக்காலையிலேயே குடத்தோடு மலையேறி, பாறை இடுக்கில் பளிங்குபோல் வடிகிற நீரைப் பிடித்து வந்துவிடுவாள். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. அதைக் குடித்துத்தான் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்று தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் சொல்லி வைத்திருந்தாள்.

பட்டணத்துப் பிள்ளைகளைவிடத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இத்தனை தரம் படுத்துவிடுகிறார்கள் என்று பார்த்து வர, சுகாதாரத் திணைக்களம் பதுளையிலிருந்து ஜெஸீம் என்ற பரிசோதகரை அனுப்பியது. திங்கட்கிழமை அவர் ஊற்று நீரையும் குழாய் நீரையும் இரண்டு சிறு போத்தல்களில் நிரப்பி, மருந்து தடவிய கடதாசித் துண்டு போட்டு, மடுவத்து அலமாரியில் வைத்தார். மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடுமாம். மூடிகளில் பெயர் எழுதியவள் மதுஷாதான். ஊற்று நீரைக் கொதிக்க வைக்கிறீர்களா என்று அவர் கேட்டபோது சிரித்துவிட்டாள்.

“ஊத்துத் தண்ணிய யாரு சேர் கொதிக்க வைப்பா? சாமிக்கே அதத்தான் ஊத்துறோம்.”

புதன் காலை அலமாரியைத் திறந்தார்கள். குழாய் நீர் வைத்தது வைத்தபடி தெளிந்திருந்தது. மற்றது தார்போலக் கறுத்திருந்தது. மதுஷா மூடியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் கையெழுத்தேதான்.

ஜெஸீம் ஜன்னல் வழியாக, ஊற்றுக்கு மேலே வரிசையாக இருந்த மேல் லயத்து மலசலகூடக் குழிகளைக் காட்டினார். அவற்றைத் தாண்டித்தான் அவள் தினமும் வீட்டுக்குப் போகிறாள்.

“யாருக்கெல்லாம் குடுத்தீங்க, தங்கச்சி?”

மடுவத்தில் எல்லாருக்கும். போதாததற்கு, வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒன்றரை வயது நிஷாந்துக்கும் நேற்றுத்தான் பெரிய போத்தல் நிறையக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அவன் தாய் சிவசக்திக்குப் போன் எடுத்தாள்.

“ஒங்க தண்ணிதான் அக்கா குடுக்கிறேன்,” என்றாள் அவள், சந்தோஷமாக. “நர்ஸ் கலக்கித் தந்த ஜீவனி உப்புத்தண்ணியத் துப்பிட்டான். இத மடக்கு மடக்குன்னு குடிக்கிறான். இன்னொரு போத்தல் அனுப்புங்க.”

தான் பேசுவதாக ஜெஸீம் கையை நீட்டினார். மதுஷா போனைக் கொடுக்கவில்லை.

“சக்தி, அதக் கீழ ஊத்திரு. அந்த ஊத்துதான் புள்ளைங்களப் படுக்க வச்சிருக்கு. நர்ஸ்கிட்ட இப்பவே சொல்லு.” மூச்சு இழுத்துக்கொண்டாள். “தெரியாம நான்தான் எல்லாத்துக்கும் குடுத்தேன்.”

மறுமுனையில் போன் எதிலோ மோதும் சத்தம், ஓடுகிற காலடி. தூரத்தில் சிவசக்தி “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.