அடித்துப் பார்த்த மருந்து

வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். பெயின்ட் துப்பாக்கியை எடுத்தவுடன் வண்டிமேல் நீட்ட மாட்டேன். முதலில் பழைய அட்டையில் ஒருமுறை அடித்துப் பார்ப்பேன். இருபது வருடப் பழக்கம். அதுதான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தது.

தம்பி லாரி டிரைவர். முதுகில் அடிபட்டபோது கொடுத்த வலி மாத்திரையை, முதுகு சரியான பிறகும் அவனால் விட முடியவில்லை. மாத்திரை கிடைக்காதபோது போதைப் பொடிக்குப் போனான். நான் கத்தினேன், கை நீட்டினேன், ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு போடக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

என் மனைவி என்னைப்போல் முன்கோபி இல்லை. போதை சிகிச்சை கிளினிக்கில் விசாரித்து ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே மூக்கில் அடிக்கும் மருந்து, இரண்டு. போதை மிஞ்சித் தம்பிக்கு மூச்சு அடங்கினால், ஒரு மூக்குத் துவாரத்தில் வைத்து அமுக்க வேண்டும், மூச்சு திரும்பும் என்று நர்ஸ் சொன்னாராம். கூட வரச்சொல்லி அவள் கெஞ்சியும் நான் போகவில்லை. ஊர் என்ன நினைக்கும் என்ற வீராப்பு.

அவள் சமையலறைக்குப் போனதும், வேலை செய்கிறதா என்று ஒன்றை எடுத்துக் காற்றில் அமுக்கினேன். ஜோராகப் பீய்ச்சியது. திருப்தியாகப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒன்றில் ஒரு தடவைக்குத்தான் மருந்து, சோதித்துப் பார்க்காதீர்கள் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. நான் எங்கே படித்தேன்?

அடுத்த ஞாயிறு மத்தியானம், தட்டத் தட்டக் குளியலறைக் கதவு திறக்கவில்லை. தோளால் இடித்து உள்ளே போனேன். தம்பி கிடந்தான். உதடு நீலம். தொண்டையில் ஏதோ கரகரத்தது, பிறகு அதுவும் இல்லை. மனைவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். நான் மருந்தை அவன் மூக்கில் வைத்து அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை.

மறுபடி மறுபடி அமுக்கினேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, இன்னொன்றை எடுத்து அவன் மூக்கில் அடித்தாள். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயில் ஊதச் சொன்னாள். ஊதினேன். மூன்றாவது நிமிடம் அவன் இருமினான். நான் ஓவென்று அழுதேன்.

மருந்தின் வேகம் குறைந்தால் மறுபடி மூச்சு அடங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

"ரெண்டாவதை ஏண்ணே அடிச்சுப் பாக்கல?"

"பாத்திருப்பேன்டா. உங்க அண்ணி சாப்பிடக் கூப்பிட்டா."

அவன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அந்த கிளினிக்குக்கு நீயும் கூட வர்றியாண்ணே? தனியா போக வெக்கமா இருக்கு."

மூன்று பேருமாகப் போனோம். தினமும் சாப்பிட அவனுக்கு மருந்து எழுதினார்கள். நர்ஸ் சொன்னதையெல்லாம் இந்தமுறை நான் கடைசிவரை கேட்டேன். புதுப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

தம்பி நடுவில் கை நீட்டி வாங்கினான். "இவர்கிட்ட வேணாம். நீங்களே வெச்சுக்கங்க அண்ணி," என்றான்.

எனக்குக் கோபமே வரவில்லை.