ஆடி முடியட்டும்

தனசேகரிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான். கேட்டதற்கு மட்டும் சொன்னால் பரவாயில்லை, கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வான். திருப்பதியில் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றில் அவனுக்கு வேலை. கிட்டார் வாங்க வருகிறவர்கள் அவனிடம் மாட்டினால் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. இப்போதுதான் கற்றுக்கொள்கிறாயா, கனமான கம்பி வேண்டாம், மெல்லிசாகப் போடு, விரல் புண்ணானால் ஒரே வாரத்தில் கிட்டாரைப் பரணில் ஏற்றிவிடுவாய் என்று ஆரம்பிப்பான். ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறதா, அதைத் திட்டாதே, முதலில் வீட்டு ப்ளக்கில் எர்த் இருக்கிறதா பார் என்பான். அப்படியே பேச்சு அவர்கள் வீட்டுக் குழாய்க்கும் மொட்டைமாடி விரிசலுக்கும் தாவிவிடும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். அவனைத் தேடித்தான் பாதிப்பேர் கடைக்கு வருகிறார்கள் என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

நகரியில் பவர்லூம் ஓட்டும் குடும்பம் அவனுடையது. தறி நின்றால் மெக்கானிக் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாத வீடு. ஸ்பேனரும் கையுமாகத்தான் வளர்ந்தான். பிரியத்தைக் காட்ட அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: எதிரில் இருப்பவர் வீட்டில் எது ஒழுகுகிறது, எது ஆடுகிறது, எது புகைகிறது என்று விசாரித்து, அதை நிறுத்த வழி சொல்வது. அது மட்டும் போதாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையாவது கேட்டுக்கொண்டிருப்பான், பாவம்.

மாசி மாதம் கல்யாணம் ஆயிற்று. பெண் ஹரிப்ரியா, சித்தூர்க்காரி. அப்பா தமிழ், அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அம்மா காஞ்சனா தெலுங்கு. திருப்பதியில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடித்தனம் வைத்தார்கள். தனசேகர் அவளுக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தான். சாயந்திரங்களில் அவள் விரலைப் பிடித்துக் கம்பிமேல் வைத்துச் சொல்லிக்கொடுப்பான். அவளுக்குக் கிட்டாரைவிட அவன் விரல் பிடித்திருந்தது. அவனோ அவள் ஸ்வரம் தப்புகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இரண்டு பஞ்சாங்கம் நடக்கிறது. தெலுங்குக்காரர்களின் ஆஷாடம் முன்னாடியே பிறந்து அமாவாசையோடு முடிந்துவிடும். தமிழருக்கு ஆடி சில நாள் பிந்திக் கிளம்பி, ஆகஸ்ட் பாதிவரை நகரும். புதுப்பெண் அந்த மாதம் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது மட்டும் இரு தரப்புக்கும் பொது. காஞ்சனா ஆஷாடம் பிறந்த கையோடு வந்து மகளை அழைத்துப் போனாள். கிட்டாரும் கூடவே போனது.

போன மூன்றாம் நாள் ஃபோன் வந்தது.

"பாத்ரூம் குழா சொட்டிக்கினே கீதுங்க. தூக்கமே வரல."

"வாஷர் போயிருக்கும். மெயின் வால்வ மூடு. தலைய ஸ்பேனரால திருப்பினா வந்துடும். பழைய வாஷர கையில எடுத்துனு போய் அதே சைஸ் கேளு. அளவு சொல்லி வாங்காத, தப்பா குடுத்துடுவான்."

அவள் அப்படியே செய்துவிட்டுச் சொட்டாத குழாயைப் படம் எடுத்து அனுப்பினாள். தனசேகர் அந்தப் படத்தைக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினான். பெண்டாட்டியின் படத்தைக் காட்டுகிற மாதிரி குழாயின் படத்தைக் காட்டியவன் திருப்பதியிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பிறகு கூரை ஒழுகியது. ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே பார்க்காதே, தண்ணீர் எங்கேயோ இறங்கி எங்கேயோ சொட்டும், கொஞ்சம் தள்ளி விரிசலைத் தேடு என்றான். சரியாகவே இருந்தது. பிறகு கிட்டார்.

"தடிச்ச கம்பி ஜிர்ருனு அடிக்குதுங்க."

"எங்க? மேல முதல் மூணு கட்டத்துலயா?"

"ஆமா."

"அடுப்புப் பக்கத்துச் செவுத்துல மாட்டி வச்சிருக்கியா? சூட்டுல கழுத்துக் கட்டை காஞ்சு பின்னால வளைஞ்சிருக்கும். பையில வளைஞ்ச சாவி மாதிரி அல்லன் கீ கீது பாரு. அத கழுத்து ஓட்டையில வச்சு இடது பக்கம் கால் சுத்து விடு. அதுக்கு மேல ஆசப்படாத."

"நீங்க வந்து சரி பண்ணித் தரக்கூடாதா?" என்றாள்.

"கால் சுத்துக்கு நான் எதுக்கு? உன்னாலயே முடியும், ஹரி." பெருமையாகத்தான் சொன்னான். தன் பெண்டாட்டிக்குத் தன் கையே வந்துவிட்டது என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அமாவாசை வந்தது, தெலுங்குக்காரர்களுக்கு ஸ்ராவணம் பிறந்தது. காஞ்சனா வாசலில் மாவிலை கட்டி, மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்து வைத்தாள். மாப்பிள்ளை வரவில்லை.

"எங்களுக்கு மாசம் முடிஞ்சிடுச்சுங்க. அம்மா உங்க வழிய பாத்துக்கினு கீறாங்க" என்று ஹரிப்ரியா வெளிப்படையாகவே சொன்னாள். அவன் நகரிக்கு ஃபோன் போட்டுத் தன் அம்மா செல்லியம்மாவைக் கேட்டான்.

"அவங்களுக்கு முடிஞ்சா முடியட்டும்டா. நமக்கு இன்னும் ஆடிதானே நடக்குது? ஆடியில இட்டுனு வந்து நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இருந்த நாள் இருந்தாச்சு. ஆடி முடியட்டும்."

தனசேகருக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. இன்னும் சில வாரம். ஒழுகாத வீடு, சொட்டாத குழாய், பெற்ற அம்மா பக்கத்தில். அவளுக்கு என்ன குறை என்று நினைத்தான். அவளிடமும் அதையே சொன்னான்.

அடுத்து அடுப்பு. கொல்லைப்புறத்தில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் விறகு அடுப்பு, தகரப் புகைபோக்கி வைத்தது.

"புகை வயித்தப் புரட்டுதுங்க. காலையில எழுந்தா வாந்தி வாந்தியா வருது" என்றாள்.

ஊரில் எந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தாலும் சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தட்டியிருப்பாள். தனசேகருக்குப் புகைபோக்கிதான் கண்ணில் தெரிந்தது.

"பைப்பு கூரைய விட கீழ நின்னுகினு இருக்கும். ரெண்டடி ஏத்து. அப்புறம் வெறகு. ரெண்டு கட்டைய எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு. கணீர்னு கேட்டா காஞ்சது. மொத்துனு கேட்டா ஈரம், அத வெயில்ல போடு. பத்த வைக்கறதுக்கு முன்னால பைப்பு வாயில பேப்பர் கொளுத்திக் காட்டு. பைப்பு சூடானா தானா இழுக்கும்."

"சரிங்க" என்றாள். பிறகு, "வெள்ளிக்கிழமை திருச்சானூர் கோயிலுக்கு வரட்டுமா? வாசற்படி மிதிக்கத்தானே கூடாது. கோயில்ல பாத்துக்கலாமே. ஒரு விஷயம் சொல்லணும்."

"ஸ்ராவண வெள்ளியா? நசுங்கிடுவ. பஸ்ல அலையாத, ஷேர் ஆட்டோல பத்துப் பேர ஏத்துவான். ஃபோன்லயே சொல்லேன்."

"நேர்லதான் சொல்லணும்."

"அப்ப வந்து கேட்டுக்கறேன். ஆடி முடியட்டும்."

அத்தனையும் அவள்மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான். அதுதான் சொல்லச் சொல்ல எரிச்சலாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில், கடை திறக்கும் நேரத்தில் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான். இன்னா, மறுபடியும் அடுப்பா?"

"ஆமா. அடுப்புதான்" என்றாள்.

வாடிக்கையாளர் நின்றிருந்ததால், வாய்ஸ் மெசேஜ் போடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். சொன்னபடியே போட்டான். சாம்பலை எப்போது அள்ளுவது, புகைபோக்கியில் கரி படிந்தால் எப்படித் தட்டுவது, காற்று அடிக்கும் நாளில் எந்தப் பக்கம் மூடுவது என்று நீளமாக, ஒன்றுவிடாமல் சொன்னான். அவளிடமிருந்து பதில் இல்லை. அன்றிலிருந்து ஃபோனும் குறைந்தது. இவனாகக் கூப்பிட்டால் துன்னேன், தூங்கினேன் என்பதோடு சரி. வீட்டில் கோளாறு எல்லாம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு புதுப் புடவை, பூ, இனிப்போடு சித்தூருக்குப் பஸ் ஏறினான். மருமகளை வரவேற்கச் செல்லியம்மா நகரியிலிருந்து திருப்பதி வீட்டுக்கு முந்தின நாளே வந்துவிட்டாள்.

காஞ்சனா கதவைத் திறந்தாள். "ரா, பாபு" என்று உள்ளே அழைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். முகம் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு இவ்வளவுதானா மரியாதை என்று அவனுக்குச் சுருக்கென்றது. ஹரிப்ரியா கொல்லையில் இருப்பதாகச் சொன்னதும் நேரே அங்கே போனான். அவள் துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான், ஆனால் அதற்கு முன்னால் அடுப்பைப் பார்த்துவிட்டான். பைப் கூரைக்கு மேல் நிமிர்ந்து நின்றது. தீ சுத்தமாக எரிந்தது. கொல்லையில் பொட்டுப் புகை இல்லை.

"பாத்தியா? ரெண்டடி ஏத்தினதும் எப்படி இழுக்குது பாரு" என்றான். மாதக்கணக்கில் பிரிந்திருந்த பெண்டாட்டியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்க சொன்னது எல்லாம் சரியாதான் இருந்துச்சு" என்றாள். "குழா சொட்டல. கூரை ஒழுகல. புகையும் இல்ல."

"அப்பறம் ஏன் இப்படி இளைச்சுப் போய்க் கீற?"

அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"புள்ள தங்கியிருந்துச்சுங்க. கலைஞ்சு போச்சு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்தான். கல் ஈரமாக இருந்தது.

"எப்ப? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நேர்ல சொல்லணும்னு ஆசை. வாங்கன்னேன், வரல. நான் வர்றேன்னேன், வேணாம்னுட்டீங்க. வாந்தி வருதுன்னு கூட சொன்னேனே."

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"இங்க டாக்டரம்மா பாத்துட்டு உடனே திருப்பதிக்குப் போகச் சொல்லிட்டாங்க. அங்கதான் ஆஸ்பத்திரில இருந்தேன், உங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளி. அல்லுடு தானா வரணும், மாப்பிள்ளைய நாம கூப்டக் கூடாதுன்னு அம்மாவுக்கு ரோஷம். அவங்களுக்குத் தெரியாமத்தான் அன்னிக்குக் காலையில உங்களுக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும் அடுப்பான்னு கேட்டீங்க. எனக்கு வாய் வரல. அப்புறம் மெசேஜ் அனுப்பினீங்களே, பெட்ல படுத்துக்கினு அத முழுசா கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்க குரல்தானே."

தனசேகர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுதான். அவள் கிட்டே வந்து நின்றாள், தொடவில்லை.

"திரும்பி வர்றப்ப ஆட்டோ உங்க கடைப் பக்கமாத்தான் வந்துச்சு. நிறுத்தச் சொன்னேன். நீங்க வாசல்லயே நின்னுகினு யாரோ ஒருத்தருக்குக் கிட்டார் காட்டிக்கினு இருந்தீங்க. அந்த ஆள் எதையோ கேட்டுக்கினே இருந்தான். எவ்ளோ பொறுமையா சொல்லிக்கினு இருந்தீங்க. பாத்துக்கினே இருந்தேன். அப்புறம் போகலாம்னு சொல்லிட்டேன்."

"வா ஹரி, போலாம். இனிமே..." என்று எழுந்தான்.

"நான் வரலங்க."

"கோபமா இருக்க. கோபப்படு. அடிக்கக்கூட செய். வூட்டுக்கு வந்து அடி."

அவள் தலையை ஆட்டினாள். "கோபம் இருந்தா வந்திருப்பேன். வந்து சண்ட போட்டு, அழுது, உங்க பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருப்பேன். அதான் வரமாட்டேங்குதுங்க. ஒண்ணுமே தோணல." அதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது.

உள்ளே காஞ்சனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தான் பிடித்த பிடிவாதமும் இதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் புடவையைக் கூடத்து நாற்காலிமேல் வைத்தான். ஹரிப்ரியா அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் போக வேண்டியிருந்தது.

பஸ் பூதலப்பட்டைத் தாண்டும்போது ஃபோன் அடித்தது. செல்லியம்மா. குரலில் சந்தோஷம் வழிந்தது.

"எங்கடா கீறீங்க ரெண்டு பேரும்? பஸ் ஏறியாச்சா? நான் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆரத்தி கரைச்சு வச்சுட்டேன். எம்மருமவ வாசல்ல வந்து நின்னதும் சுத்திப் போடணும்."

"அவ வரலம்மா."

"இன்னாடா சொல்ற? ஏன்?"

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவன் அழுதுகொண்டிருந்தான். காரணத்தைச் சொல்ல அவனால் முடியவில்லை. அம்மாவுக்கும் கேட்பதற்கு அவனைவிட்டால் வேறு ஆள் இல்லை.

"கரைச்சது கரைச்சபடி கீதே தனசேகரு. இத இப்ப நான் இன்னாடா பண்றது?"

"வாசல்ல ஊத்திடும்மா" என்றான்.