பூங்காவனத்தின் மில்லும் எழுபத்து நான்கு டெசிபலும்

ஞானசேகரனுக்குத் தன் கருவியின் மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அம்பத்தூரில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி. மாதத்துக்கு ஒருமுறை சவுண்ட் மீட்டரைத் தூக்கிக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய் இரைச்சல் அளப்பார். வேப்பம்பட்டில் அவர் குடியிருந்த ஃப்ளாட்டில் எல்லாரும் அவரை டெசிபல் சார் என்றார்கள். கேலிக்குத்தான் சொன்னார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஃப்ளாட்டுக்குப் பின்னால் பூங்காவனத்தின் மாவு மில். ஃப்ளாட் வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. ஆனாலும் பால்கனியில் லேப்டாப்போடு உட்கார்கிறவர்களுக்கு அந்த உறுமல் ஆகவில்லை. அசோசியேஷனில் பேச்சு எழுந்ததும், அளந்து காட்டினால்தான் புகார் நிற்கும் என்று ஞானசேகரன் முன்வந்தார். யார் கேட்டார்கள் இவரை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி மீட்டரோடு பால்கனியில் நின்றார். சும்மா அளந்துவிடவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை என்று சரிபார்க்கும் காலிபிரேட்டரை மைக்கில் மாட்டி, தொண்ணூற்று நான்கு வருவதை ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். காற்றுச் சத்தம் சேராமலிருக்க மைக்குக்கு ஒரு பஞ்சு உருண்டையை மாட்டினார். ஸ்டாண்டைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். யாரும் மூச்சுகூட விடக்கூடாது என்றார். பத்து நிமிடச் சராசரி எழுபத்து நான்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. மில்லை மூட வேண்டும் என்று அன்று மாலையே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் போயிற்று, அந்த எண்ணுக்குக் கீழே அவர் கையெழுத்தோடு.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது. எழுபத்து நான்குக்குப் பக்கத்தில் C என்று இருந்தது.

விஷயம் இதுதான். A என்று வைத்தால் மீட்டர் மனிதக் காதைப் போலக் கேட்கும். கனத்த உறுமலை நம் காது அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை, மீட்டரும் அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். C என்று வைத்தால் உறுமலையும் ஏறக்குறைய முழுசாக எண்ணும். சட்டம் கேட்பது A. கம்பெனி ஆட்களுக்குக் காதுக்கவசம் தேர்ந்தெடுக்க அதற்கு முந்தின வாரம் C-யில் அளந்த மனுஷன், திருப்பி வைக்க மறந்துவிட்டார். காலிபிரேட்டரும் காட்டிக்கொடுக்கவில்லை. அது எழுப்புகிற ஒலி A-யிலும் C-யிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அந்த மீட்டர் இரண்டு கணக்கையும் சேர்த்தே பதிந்துவைக்கிற ரகம். A-யில் பூங்காவனத்தின் மில் ஐம்பத்து மூன்று. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஞானசேகரனுக்குக் காதெல்லாம் சூடேறியது. மறுநாள் வாரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். அவர் முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்து, ரயில் ஆவடியைத் தாண்டுவதற்குள் நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டார்.

சனிக்கிழமை பால்கனி நிறைய ஆட்கள். பூங்காவனமும் மாடியேறி வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓரமாக நின்றாள். கீழே அவள் மகள் மில்லை ஓட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி அளக்கச் சொன்னார். ஞானசேகரன் யாருக்கும் தெரியாமல் A-வுக்கு மாற்றி அளந்தார். நாற்பத்தொன்பது.

எப்படிக் குறைந்தது என்று அதிகாரி கேட்டார். ஞானசேகரன் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் முந்திக்கொண்டாள். புகார் போனதிலிருந்து ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உள்ளேயே அரைப்பதாகச் சொன்னாள். வேர்வையில் ஊறிய மாவு அவள் புருவத்தில் பசையாக ஒட்டியிருந்தது. டெசிபல் சார் இல்லையென்றால் இது நடந்திருக்குமா என்று அசோசியேஷன் செயலாளர் பிரசன்னா அவர் தோளைத் தட்டினான். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டாதவரை மில் ஓடலாம் என்று அதிகாரி எழுதிக்கொண்டு கிளம்பினார்.

நாலு வாக்கியத்தையும் மீட்டரோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார் ஞானசேகரன். மில்தான் தப்பிவிட்டதே, இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும் என்று மனசு ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்தது. அந்தச் சமாதானம் முழுசாக ஒரு நிமிடம் நிற்கவில்லை. பூங்காவனம் அவர் பக்கத்தில் வந்தாள்.

"சார், உள்ள அனல் தாங்கல. எம் பொண்ணு நேத்து மயக்கம் போட்டுட்டா. நீங்க அளக்கத் தெரிஞ்சவரு, சொன்னா கேட்டுக்கிறேன். ஷட்டர பாதியாச்சும் தூக்கிக்கலாமா?"

முழுசாகவே தூக்கலாம். அங்கே அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் திறந்தபிறகு யாராவது மறுபடி அளக்கச் சொன்னால் ஐம்பத்து மூன்று வரும். போன வாரத்து எழுபத்து நான்கு எங்கே போயிற்று என்று கேட்பார்கள்.

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பூங்காவனம் சரி சார் என்றாள். மில்லை மூடாமல் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

திருப்பிக் கூப்பிட இரண்டு மாடி நேரம் இருந்தது. அவர் கூப்பிடவில்லை.