இருபத்து மூன்று வாரச் சைவம்

நாலாயிரத்து முந்நூற்று எழுபது. கறிக்கடையில், தொங்கும் தொடைக்கும் ஈரலுக்கும் நடுவே ஒரு கொக்கியில் மாட்டியிருந்த சிலேட்டில் அந்தத் தொகை இருந்தது. பக்கத்தில் ‘தலைவர்’ என்று எழுதியிருந்தது.

தலைவர் என்பது அவள் புருஷன். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். தன்னைத் தலைவரே என்று கூப்பிடும் எல்லோருக்கும் தினமும் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுப்பார். டீ நின்றால் தலைவரும் நின்றுபோவார் என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

ஒருநாள் கட்டட வேலைக்குப் போகிற வழியில் கடைக்காரர் அவளை நிறுத்தினார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. தலைவர் கணக்கு கொஞ்சம் ஏறிப்போச்சு.”

“என்ன கணக்குண்ணே? வாராவாரம் கறிக்குன்னு நூத்தித்தொண்ணூறு எண்ணிக் குடுத்துல்ல அனுப்புறேன்?”

கடைக்காரர் சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். செங்கல் எண்ணிப் பழகிய அவளுக்குக் கணக்குப் போடக் காகிதம் வேண்டியதில்லை. இருபத்து மூன்று வாரம். ஒரு வாரம்கூட விடவில்லை. வீட்டுக் கறி கடனில் வந்திருக்கிறது, அவள் காசு கிடங்கில் டீயாக ஓடியிருக்கிறது.

அன்று சாயங்காலம் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“கறிக்கடையில உங்க பேரு தொங்குது. ஈரலுக்குப் பக்கத்துல.”

தலைவர் அசரவில்லை. முகம் கழுவி, தலை சீவி, இரண்டு மகள்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“யோசிச்சுப் பாத்தேன். ஒரு உயிரைக் கொன்னு நம்ம வயித்தை ரொப்புறது பாவம். இனிமே நம்ம வீடு சைவம். ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காது. படிப்படியா விடுவோம்.”

“எப்ப இருந்துப்பா யோசிச்சீங்க?” என்றாள் மூத்தவள்.

“ரொம்ப நாளா.”

“போன ஞாயித்துக்கிழமை என் தட்டுல இருந்த எலும்பையும் எடுத்துக் கடிச்சீங்களே, அப்பவும் யோசிச்சிட்டுதான் இருந்தீங்களா?”

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் அந்தப் பேச்சு காதில் விழாதவர்போல் படிகளைச் சொன்னார். முதல் மாதம் கறி கிடையாது, கருவாடு உண்டு. அடுத்த மாதம் கருவாடு கிடையாது, முட்டை உண்டு. அதற்கப்புறம் முட்டையும் போய் மீல்மேக்கர். படி இறங்க இறங்க விலையும் இறங்கியது. அவருடைய ஞானம் மலிவான பக்கமாகவே சாய்ந்தது.

அவள் சண்டை போடவில்லை. போட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். நாள் முழுக்கக் கல் சுமந்த கழுத்துக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை. மறுவாரம் அவர் கை நீட்டியபோது மட்டும், “சைவத்துக்கு எதுக்குக் காசு?” என்றாள். வாராவாரம் அந்த நூற்றுத்தொண்ணூறைப் பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு அரிசிக்குள் புதைத்தாள்.

கறிக்கடை வழியாகப் போவதையும் விட்டாள். கடைக்காரர் மறுபடி கேட்கவில்லை, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “நல்லாருக்கீங்களாக்கா?” என்பார், அவ்வளவுதான். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லலாம். பின்பக்கமாகச் சுற்றிப் போனால் கால்மணி நேரம் கூடுதல். வேலையிடத்தில் ஆள் எண்ணி முடித்திருப்பார்கள். மேஸ்திரி ஒருமணி நேரக் கூலியைக் கழித்துவிட்டு, “என்னம்மா, ஊரைச் சுத்திப் பாத்துட்டு வர்றியா?” என்பான். நிமிர்ந்து நடந்து நேர்வழியில் வேலைக்குப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

வீட்டில் சைவம் மெய்யாகவே வேர் பிடித்தது. அதற்குத் தலைவர் காரணமில்லை. அவர் கொண்டுவந்த முதல் மீல்மேக்கர் குழம்பில் நனைந்த கந்தல்போலக் கிடந்தது. சின்னவள் ஒன்றை வாயில் போட்டு, “தலைகாணிக்குள்ள இருக்கிறதாம்மா இது?” என்றாள். அம்மாக்காரிதான் அதை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, மிளகு தட்டி, சட்டி கருக வறுத்துப் பார்த்தாள். காளானையும் பச்சைப் பயறையும் மாற்றி மாற்றிச் செய்தாள். நாலைந்து மாதத்தில், பக்கத்து வீட்டில் கொடுத்த கறியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள் மூத்தவள். அம்மாக்காரிக்கே ஒருநாள், கட்டட வேலைக்கு நடுவே, கறி நினைப்பு வந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று யோசிக்க வேண்டியிருந்தது.

தலைவர் சைவம் பேசினார். வீட்டில் பேசியது போதாமல் கிடங்கில் பேசினார். சம்பளத்தன்று மட்டும் வீட்டுக்கு வந்ததும் பசியில்லை என்று படுத்துக்கொள்வார்.

“அப்பா மீசையில கறிக்குழம்பு வாசம் வருதும்மா” என்று சின்னவள் சொன்னாள்.

“பாவம், உயிரை விட்ட ஆடு மேல இருக்கிற இரக்கத்துல போய் மோந்து பாத்திருப்பாரு” என்றாள் அவள்.

இருபத்து மூன்றாவது வாரம், சனிக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது தலைவர் அடுப்படியில் நின்றிருந்தார். மேடையில் இலையில் சுற்றிய அரைக்கிலோ கறி.

“உடம்பு ஒத்துக்கலை. அடிக்கடி தலை சுத்துது. பலகீனமாம்.”

“யாரு சொன்னது?”

“எனக்கே தெரியாதா? கொஞ்சம் மசாலா அரைச்சுக் குடு.”

“அம்மிதான் இருக்கே. அரைச்சுக்கோங்க.”

மறுநாள் காலையில் அரிசிக்குள் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேர்வழியில் கடைக்குப் போனாள். சிலேட்டு அங்கேயேதான் தொங்கியது. எண்ணும் அப்படியே இருந்தது.

“என்னக்கா, தலைவர் சொல்லலையா? கணக்கை நான் தள்ளிட்டேனே.”

“எதுக்குத் தள்ளினீங்க?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “கிடங்குல பேசிப் பேசி என் கடைக்கு வந்துட்டிருந்த ஏழெட்டுப் பேரை நிறுத்திட்டாருக்கா. பாக்கியை விடு, வாயை மூடிக்கிறேன்னு அவரேதான் வந்து கேட்டாரு. மேல அரைக்கிலோ வேற.”

“அப்ப ஏன் இது இன்னும் தொங்குது?”

“நம்ம கடை வழக்கம்தான் தெரியுமே. யாரு கணக்கோ அவங்க கையாலதான் அழிக்கணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக்கூடாது பாருங்க. அழிச்சுட்டுப் போங்க தலைவரேன்னேன். கூட்டம் நிக்குது, நீயே அழிச்சுக்கோன்னு நழுவிட்டாரு.”

இரக்கத்தை விற்று வாயை வாடகைக்கு விட்டவருக்கு, ஒரு சிலேட்டைத் தொடத்தான் வெட்கம்.

அவள் டப்பாவை வெட்டுமரத்தின் மேல் கவிழ்த்தாள்.

“எண்ணிக்கோங்க.”

“தள்ளிட்டேன்னு சொன்னேனேக்கா.”

“நீங்க தள்ளினது அவரு வாய்க்கு. இது நாங்க தின்ன கறிக்கு.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். சரியாக இருந்தது. ஏதோ நினைத்தவராய்க் கத்தியை எடுத்து, “கால்கிலோ போடட்டுமா? பிள்ளைங்களுக்கு” என்றார்.

“எங்க வீட்டுல மூணு பேரு சைவம்ணே.”

“தலைவரு?”

“காசு குடுத்தா குடுங்க. எழுதாதீங்க.”

வாளித் தண்ணீரில் கையை நனைத்து, சிலேட்டில் அழுத்தித் தேய்த்தாள். தொகை போயிற்று. இன்னொரு தேய்ப்பில் தலைவரும் போனார்.