கார் விட ஒதுக்கிய இடம்

வீட்டு வாசலில் நாலுபேரின் கார் நிற்பதென்றால் இரத்தினவேலுக்கு அப்படியொரு பெருமை. பியோர்ண்டால் பகுதியிலிருந்த அடுக்குமாடி வீட்டை விற்று, ஒஸ்லோ ஃபியோர்ட் என்ற கடல்நீரேரிக் கரையோரத் தாழ்நிலத்தில் தனிவீடு வாங்கியதும், முதல் வேலையாக முன்முற்றம் முழுக்கக் கல் பதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றம் நிறையும். மனைவி புஷ்பமலர் சமைத்தே களைத்துப்போவாள்.

பக்கவாதம் வந்து அவள் சக்கர நாற்காலியில் விழுந்தபிறகு, பின்கதவிலிருந்து தண்ணீர்க்கரைவரை ஒரு கல்பாதையும் போட்டார். புல்லில் சக்கரம் புதையும், வேறென்ன செய்வது. பின்னேரங்களில் அவளைத் தள்ளிக்கொண்டு போவார். கோணிப்போன அந்த முகத்தில் சிரிப்பு வந்தது அங்கே மட்டும்தான்.

அந்த இலையுதிர்காலம் பெருமழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தன. கல் மூடியதால் நிலத்தில் இறங்க வழியில்லாத தண்ணீர், பள்ளத்து வீட்டு யோசெப்பினின் நிலவறைக்குள் பாய்ந்தது. நகரசபையிலிருந்து வந்த மேரின் என்ற பெண் வளவை அளந்துவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னாள். வெள்ளம் ஏறுகிற இடத்தில் இவ்வளவு நிலத்தைத்தான் கல்லால் மூடலாம். பாதை, கார் விடும் முற்றம், இரண்டில் ஒன்றின் கல்லைக் கிளப்பவேண்டும். எதை என்பது உங்கள் விருப்பம்.

“பாதை கிடக்கட்டுமப்பா,” என்றாள் புஷ்பமலர்.

“ஆக்கள் வந்தால் காரை எங்கை விடுறது? றோட்டிலையோ?”

“இப்ப ஆர் வருகினம்?”

“உனக்குச் சுகமில்லையெண்டு பாக்க வருவினம்.”

பாதையைத்தான் கிளப்பினார், பாவி மனுஷன். சனம் ஒருதரம் வந்தது. பிறகு போன் எடுத்தது. பிறகு அதுவுமில்லை. அவரோ பனி விழுந்தபோதெல்லாம் முற்றத்தை வழித்துத் துப்புரவாக வைத்திருந்தார், யாராவது வந்தால் கார் விடவேண்டுமே. பின்பக்க யன்னலடியில் அவள் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு குறை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தாலாவது அவருக்குப் புத்தி வந்திருக்கும். பனி உருகுமுன் போய்விட்டாள்.

செத்த எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்குக்குச் சனம் திரண்டு வந்தது. முற்றம் கொள்ளாமல் கார்கள்.

“நல்லகாலம் அத்தான், இவ்வளவு இடம் விட்டு வச்சிருக்கிறியள்,” என்றான் புஷ்பமலரின் தம்பி அருட்பிரகாசம்.

இரத்தினவேல் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார்.

“எல்லாரையும் காரை எடுக்கச் சொல்லு தம்பி.”

“ஏன் அத்தான்?”

“அது உன்ரை அக்கான்ரை பாதையைக் கிளப்பி மிச்சம்பிடிச்ச இடம். நான்தான் உங்களுக்குக் குடுத்திட்டன்.”