கடைசி ஆட்டத்தில் நடந்தவன்

கேலன் ஓஸ்ட்பெர்க் அரைக்கால் சட்டையோடு எடை மேடையில் ஏறி நின்றபோது நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூட மாட்டிடம் ஒரு வார்த்தை பேசுவான். எங்களுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. உயரம், எடை, கை நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம் என்று ஒருவர் அளந்து உரக்கச் சொல்ல, மற்றவர்கள் குறித்துக்கொண்டோம். தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளுக்காகக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோடுவது எங்கள் பிழைப்பு. ஏப்ரலில் டிராஃப்ட். அன்று ஏதாவது ஓர் அணி அவன் பெயரைச் சொன்னால் வாழ்வு, இல்லையென்றால் நெப்ராஸ்காவில் அப்பாவின் சோளக்காடு. அந்த அப்பா, ஆர்விட், விதைக் கம்பெனித் தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு மைதானக் கூடத்தின் சுவரோரம் நின்றிருந்தார். மகனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேலன் ஆடுகிற டைட் எண்ட் என்ற இடம் வீட்டுக்கு மூத்த மருமகளாக வாழ்க்கைப்படுவது மாதிரி. கோட்டில் நின்று தன்னைவிடப் பெரிய தடியன்களை முட்டித் தடுக்கவும் வேண்டும். அடுத்த முறை அவர்களிடமிருந்தே நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். எதைச் செய்தாலும் இன்னொன்று போதவில்லை என்பார்கள். கேலன் இரண்டையும் செய்தான். அந்த வட்டாரத்தில் நான் பார்த்தவர்களில் அவனைப் போல் இன்னொருவன் இல்லை. ஆனால் அவன் நடந்துவிட்டான்.

நவம்பரில் கடைசி ஆட்டம், அதிலும் கடைசிப் பகுதி. அவன் அணி ஏற்கெனவே தோற்றுத்தான் போயிருந்தது. அவர்கள் எறிந்த பந்தை எதிரணிக்காரன் ஒருவன் பறித்துக்கொண்டு கேலனைத் தாண்டியே ஓடினான். கேலன் துரத்தவில்லை. திரும்பி நடந்தான். எங்கள் தொழிலில் திருடனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, நடந்தவனுக்குக் கிடையாது. அந்தத் துண்டுப் படம் எல்லா அணிகளின் அறைகளிலும் திரும்பத் திரும்ப ஓடியது. வேறோர் அணிக்காக அன்று கூடத்துக்கு வந்திருந்த மோர்லி என் தோளை இடித்தான்.

"பாத்துய்யா, ஓடச் சொன்னா கோச்சுக்கப் போறாரு தொரை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பந்து இல்லாத இடத்தையும் பார்ப்பேன். அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தபோது, மூன்றாம் பகுதியில் ஓர் ஆள்குவியலுக்கு அடியிலிருந்து கேலன் எழுந்த பிறகு அவன் கோட்டில் குனியும் விதம் மாறியிருந்தது தெரிந்தது. அதுவரை இடது காலைப் பின்னால் வைத்து எம்பியவன், அப்புறம் வலது காலைப் பின்னால் வைத்தான். பள்ளி நாளிலிருந்து ஊறிய பழக்கத்தை நடு ஆட்டத்தில் எவனும் சும்மா மாற்ற மாட்டான். இடது முட்டி போயிருந்தது. போன முட்டியோடு ஆட்டம் முடியும்வரை அவன் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். எல்லோரும் பார்த்தது அவன் நடந்ததை மட்டும்தான்.

அளவெடுத்து முடிந்த பிறகு, நேர் ஓட்டத்தில் அவன் பிரமாதமாக ஓடினான். மோர்லி தன் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். ஆனால் கூம்புகளைச் சுற்றித் திரும்பும் ஓட்டத்தில் கேலன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வலது காலையே ஊன்றினான். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன்.

அவனுடைய கோச் டன்லப்பிடம் போய், அந்தக் கடைசி ஆட்டத்தில் பையனுக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்டேன். மனிதர் கண் இமைக்கவில்லை. அடியெல்லாம் ஒன்றுமில்லை, பையனுக்குத் திறமை இருக்கிறது, மனசுதான் இன்னும் பழுக்கவில்லை என்றார். அடுத்த மாதம் அவர் இதைவிடப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். தோற்றுப்போன ஆட்டத்தில், முட்டி போனவனுக்குக் கட்டுப்போட்டு மறுபடி இறக்கிவிட்டவர் என்ற பெயர் அங்கே அவருக்கு முன்னால் போய்ச் சேரக் கூடாது. பழியைப் பையன் தலையில் இறக்கிவைத்துவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் கேலன் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, முட்டி எப்போது போனது என்று கேட்டேன்.

"ஒண்ணும் போகல சார். அன்னைக்கு மனசு விட்டுப்போச்சு. நடந்துட்டேன்."

பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். பின்னால் வைத்த கால் மாறியதைச் சொன்னேன். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். பிறகு, அதை எழுதப்போகிறேனா என்று கேட்டான். பார்த்ததை எழுதத்தான் எனக்குச் சம்பளம் என்றேன்.

"நடந்தான்னே எழுதுங்க சார். நடந்தவன நான் திருத்திக் காட்டறேன்னு எந்தக் கோச்சாவது எடுத்துக்குவான். முட்டி போனவன எவன் எடுப்பான்?"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அறுந்த தசைநாரைத் தைக்கத் தெரியாதவர்கள் எங்கள் கோச்சுகள். ஆனால் எந்த மனிதனையும் வளைத்து நிமிர்த்திவிடலாம் என்ற திமிர் அவர்கள் எல்லோருக்கும் உண்டு. டாக்டர்கள் மூட்டு மூட்டாகத் திருகிப் பார்க்கும் பெரிய தேர்வுக்கும் இவனைக் கூப்பிடவில்லை. நடந்தவனை யார் கூப்பிடுவார்? அந்தக் கெட்ட பெயர்தான் முட்டியை இதுவரை மூடிவைத்திருக்கிறது. என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

அப்பாவிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"அந்த ஆட்டத்துக்கு அப்புறம் அவரு ஊர்ல காலைக் காபிக்கே போறதில்ல சார். தானியக் கிடங்குல அவங்க செட்டு ஒண்ணு கூடும். சொன்னா நாளைக்கே போவாரு. போயி அத்தன பேருகிட்டயும் பெருமையாச் சொல்லிருவாரு." ஷூ கயிற்றை இறுக்கினான். "டிராஃப்ட் முடியட்டும்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பனி உருகி, மறுபடி உறைந்து கிடந்தது. ஆர்விட் தன் பிக்கப் வண்டியை விட்டு என்னிடம் வந்து கைகொடுத்தார். மகன் எப்படி ஓடினான் என்று கேட்கவில்லை.

"அந்த ஆட்டத்த நீங்களும் பாத்திருப்பீங்க."

பார்த்தேன் என்றேன்.

"அவங்க அம்மா போனப்புறம் நான் ஒருத்தனாத்தான் வளத்தேன். ஆனா அப்படி வளக்கல."

அவர் என் முகத்தையே பார்த்தார். உன் மகன் அப்படி இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அலைந்து ஓய்ந்த முகம். முட்டி விஷயம் நுனி நாக்குவரை வந்துவிட்டது. சொன்னால் இந்த மனிதர் இப்போதே அழுதுவிடுவார். நாளைக் காலை ஒரு ஊரே அதைப் பேசும். வார முடிவுக்குள் மோர்லி காதுக்கு வரும். குளிர் இன்னும் விடவில்லை, பார்த்து ஓட்டிப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறி இன்ஜினைப் போட்டார்.

கேலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தின் கதவைத் திறந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். பிறகு பனியில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்தான். ஆர்விட் ஹாரனை அழுத்தினார். சற்று விட்டு, மறுபடி அழுத்தினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இங்கயும் நடையாடா?"

கேலன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த உறைந்த தரையில், அப்பாவை நோக்கி ஓடத் தொடங்கினான். கோட்டுப் பைக்குள் என் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டிருந்தது.